கொலுசுக் கடைக்கு ஒரு ஃபில்டர் தேடல்: டேபிள் போடுவதிலிருந்து மலைப்பாதை சோதனை வரை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடைக்கு இணையதளம் செய்துகொடுத்தேன். சுமார் இரண்டாயிரம் டிசைன். ஒரே ஒரு தேடல் பெட்டி வைத்தால் போதும் என்று கடைக்காரரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஆனால் கொலுசு வாங்க வருகிறவர் யாரும் டிசைன் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. எத்தனை இன்ச், எத்தனை கிராம், என்ன டச்சு (அதாவது வெள்ளி நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்தம்), சலங்கை வைத்ததா வைக்காததா, இப்படித்தான் கேட்கிறார்கள். வாயைத் திறந்தாலே ஃபில்டர்தான் வருகிறது. அதை இணையதளத்தில் ஒழுங்காகக் கட்டுவது எப்படி என்று, நான் செய்த வரிசையிலேயே, தவறு நடந்த இடங்களையும் சேர்த்துச் சொல்கிறேன். பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், சாதாரண ஜாவாஸ்கிரிப்ட், இவ்வளவுதான் பயன்படுத்தினேன். நீங்கள் வேறு மொழியில் எழுதினாலும், விற்பது மல்கோவா மாம்பழமோ ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையோ ஆனாலும் யோசனை இதேதான்.

முதலில் கடையில் போய் நில்லுங்கள்

கோட் எழுதுவதற்கு முன்னால் அரை நாளாவது கவுன்ட்டர் ஓரமாக நின்று கேளுங்கள். நான் நின்றபோது ஒரு அம்மா வந்தார். "அண்ணா, பத்தரை இன்ச்சுல, அம்பது கிராமுக்குள்ள, சலங்கை இல்லாம காட்டுங்க" என்றார். கவுன்ட்டரில் இருந்தவர் தட்டைக்கூட எடுக்காமல், "அம்பதுக்குள்ள சலங்கை இல்லாதது பத்து இன்ச்சோட நின்னுருதுங்கம்மா. பத்தரைதான் வேணும்னா அறுவது கிராம் ஆகும். எதைப் பாக்கறீங்க?" என்றார்.

"இல்லை" என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை, கவனித்தீர்களா? கேட்டதில் எதைக் கொஞ்சம் தளர்த்தினால் சரக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பெரும்பாலான இணையதளங்கள் இந்த இடத்தில் "முடிவுகள் எதுவும் இல்லை" என்று ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகின்றன, வாங்க வந்தவரும் போய்விடுகிறார். கவுன்ட்டரில் இருந்தவர் சொன்ன அந்தப் பதிலை நம் சர்வரும் சொல்ல வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான வேலைதான்.

கேட்கிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, எது அடிக்கடி வருகிறதோ அதை மேலே வையுங்கள். என் நோட்டில் இன்ச், எடை, டச்சு, சலங்கை, கொக்கியா திருகா, விலை என்று ஆறு தேறின. டிசைன் எண், சரக்கு வந்த தேதி எல்லாம் கடைக்காரருக்குத்தான் தேவை, அதை ஃபார்மில் வைக்காதீர்கள்.

டேபிள்: இங்கே தப்பினால் எல்லாம் தப்பும்

நான் முதலில் செய்த பெரிய தவறு இது. ஒரு டிசைனுக்கு ஒரு வரிசை போட்டு, கிடைக்கும் அளவுகளை "8, 9, 10.5" என்றும், எடைகளை "40, 48, 60" என்றும் கமா போட்டு அடுத்தடுத்த கட்டங்களில் எழுதிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. அப்புறம் பத்தரை இன்ச்சும் ஐம்பது கிராமுக்குள்ளும் என்று தேடினால் இந்த டிசைன் வந்து நிற்கிறது. ஏனென்றால் அதில் 10.5 இருக்கிறது, 40 கிராமும் இருக்கிறது. ஆனால் அந்த 40 கிராம் எட்டு இன்ச்சுக்கு உரியது, பத்தரை இன்ச் கொலுசு 60 கிராம். இரண்டு நிபந்தனையும் தனித்தனியாக உண்மை, சேர்த்துப் பார்த்தால் பொய்.

அதனால் இரண்டு டேபிள் போடுங்கள். ஒன்றில் டிசைன்: பெயர், படம், சலங்கை உண்டா, கொக்கி வகை. இன்னொன்றில் உருப்படி: எந்த டிசைன், எத்தனை இன்ச், எத்தனை கிராம், என்ன டச்சு, கையிருப்பு எத்தனை ஜோடி. இன்ச், எடை, டச்சு ஃபில்டர் எல்லாம் உருப்படி டேபிளின் ஒரே வரிசையில் சேர்ந்து பொருந்த வேண்டும், திரையில் காட்டும்போது மட்டும் டிசைன் வாரியாகச் சேர்த்துக் காட்டுங்கள். சட்டை, செருப்பு, தங்கும் விடுதி அறை என்று எதற்கு ஃபில்டர் கட்டினாலும் இந்தக் கண்ணி இருக்கும்.

எடையையும் டச்சையும் ஃப்ளோட் வகையில் (தோராயமாகச் சேமிப்பது) வைக்காதீர்கள், டெசிமல் வகையில் (எழுதியபடியே சேமிப்பது) வையுங்கள். 92.5 டச்சு போன்ற எண் அதிர்ஷ்டவசமாக ஃப்ளோட்டில் சரியாகவே உட்காரும், ஆனால் 48.3 கிராம் உட்காராது. சமமா என்று ஒப்பிட்டால் ஒருநாள் அந்த உருப்படி காணாமல் போகும்.

விலைக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெள்ளி விலை தினமும் மாறுவதால் விலையைக் கையால் எழுதி வைக்க முடியாது. எடை, டச்சு, கூலி மூன்றையும் வைத்துக்கொண்டு அன்றைய விலையிலிருந்து கணக்குப் போட வேண்டும். ஆனால் ஒவ்வொரு தேடலிலும் கணக்குப் போட்டு ஃபில்டர் செய்தால் விலைக்குப் போட்ட இண்டெக்ஸ் (டேட்டாபேஸ் வேகமாகத் தேட வைத்துக்கொள்ளும் அகரவரிசை மாதிரியான பட்டியல்) எதுவும் உதவாது. காலையில் கடைக்காரர் அன்றைய விலையைப் போட்டதும் எல்லா உருப்படிக்கும் ஒரே தடவை விலையைக் கணக்கிட்டு ஒரு கட்டத்தில் எழுதிவிடுங்கள், சில நொடி வேலைதான்.

ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் முதலில் ஓட வேண்டும்

ஃபார்மை வெறும் ஹெச்டிஎம்எல்லில், கெட் முறையில் போடுங்கள். போஸ்ட் வேண்டாம். கெட் முறையில் அனுப்பினால் தேர்ந்தெடுத்ததெல்லாம் யூஆர்எல்லிலேயே வந்துவிடும்: கேள்விக்குறி, அப்புறம் இன்ச்=10.5&எடைவரை=50&சலங்கை=இல்லை என்கிற மாதிரி. உங்களுக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் எழுதியிருக்கிறேன், கோடில் சின்னச் சின்ன ஆங்கிலப் பெயராக வையுங்கள். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும் யூஆர்எல்லில் ஒன்பது எழுத்தாக, சதவீதக் குறிகளோடு நீண்டுவிடும். வாட்ஸ்ஆப்பில் ஒட்டினால் திரை முழுக்க அதுதான் தெரியும்.

வாட்ஸ்ஆப் என்று சும்மா சொல்லவில்லை. என் முதல் வடிவத்தில் தேர்வெல்லாம் ஜாவாஸ்கிரிப்டின் நினைவில் மட்டும் இருந்தது. ஒரு வியாபாரி பொறுமையாக ஏழெட்டு ஃபில்டர் போட்டுப் பன்னிரண்டு டிசைனுக்குச் சுருக்கி, அந்த இணைப்பைத் தன் வாடிக்கையாளருக்கு அனுப்பியிருக்கிறார். அந்தப் பக்கம் திறந்தவருக்கு இரண்டாயிரம் டிசைனும் வந்து நின்றது. "எதைப் பாக்கச் சொல்றீங்க?" என்று அவர் கேட்க, வியாபாரி என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன்: எது தேர்ந்திருக்கிறது என்பதற்கு யூஆர்எல் ஒன்றுதான் சாட்சி. ஃபார்ம் அதைப் பார்த்துத் தன்னை நிரப்பிக்கொள்ள வேண்டும், சர்வரும் அதைப் பார்த்துத்தான் தேட வேண்டும். இரண்டு இடத்தில் கணக்கு வைத்தால் ஒருநாள் இடிக்கும்.

ஒவ்வொரு குழுவையும் ஃபீல்ட்செட்டில் போட்டு லெஜண்ட் (குழுவின் தலைப்பு) கொடுங்கள், ஒவ்வொரு செக்பாக்ஸுக்கும் லேபிள் கொடுங்கள். திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு "80" என்று மட்டும் கேட்டால் கிராமா டச்சா என்று தெரியாது, லெஜண்ட் இருந்தால் தெரியும். லேபிளைத் தொட்டாலே டிக் விழும், சின்னத் திரையில் அது பெரிய உபகாரம். பிஎச்பியில் ஒரே பெயரில் பல செக்பாக்ஸ் இருந்தால் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறி போட மறக்காதீர்கள், போடாவிட்டால் கடைசியில் டிக் செய்தது மட்டும்தான் வந்து சேரும்.

சர்வரில் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) கட்டுவது

விதி எளிது. ஒரே குழுவுக்குள் "அல்லது", குழுக்களுக்கு இடையே "மற்றும்". டச்சில் 70, 80 இரண்டையும் டிக் செய்தவர் இரண்டில் எதுவானாலும் சரி என்கிறார். ஆனால் கூடவே பத்து இன்ச்சையும் டிக் செய்திருந்தால் அது கண்டிப்பாக வேண்டும்.

எழுதும் விதம் இப்படி. நிபந்தனைகளுக்கு ஒரு காலியான பட்டியல், மதிப்புகளுக்கு ஒரு காலியான பட்டியல். ஒவ்வொரு ஃபில்டராகப் பாருங்கள். வந்திருந்தால் நிபந்தனைப் பட்டியலில், மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறியோடு, ஒரு துண்டு சேருங்கள், மதிப்பை மற்றதில் சேருங்கள். வராவிட்டால் தொடாதீர்கள். கடைசியில் துண்டுகளை "மற்றும்" போட்டு இணைத்து, பிடிஓ (பிஎச்பியில் டேட்டாபேஸோடு பேசும் பகுதி) வழியாக ப்ரிபேர் செய்து மதிப்புகளைத் தனியாகக் கொடுங்கள். யூஆர்எல்லில் வந்ததை நேராக எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் ஒட்டுவது கடைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான், ஒரு தடவைகூடச் செய்யாதீர்கள்.

இதில் மூன்று இடம் சறுக்கும். செக்பாக்ஸ் பட்டியலுக்கு எத்தனை மதிப்போ அத்தனை கேள்விக்குறி வேண்டும், பட்டியல் காலியாக இருந்தால் அந்தத் துண்டையே சேர்க்கக் கூடாது, காலி அடைப்பு போனால் மைஎஸ்க்யூஎல் பிழை சொல்லும். வரிசைப்படுத்தும் கட்டத்தின் பெயரைக் கேள்விக்குறி வழியாகக் கொடுக்க முடியாது, அதனால் "விலை", "எடை", "புதியது" என்று அனுமதித்த பட்டியல் ஒன்று கையில் வைத்து அதற்குள் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், ஃபில்டர் மாறினால் பக்க எண் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். நாலாவது பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு டிக் போட்டு, முடிவு ஒன்பதுதான் என்றால், நாலாவது பக்கம் காலியாகத்தான் வரும்.

இண்டெக்ஸைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. சில ஆயிரம் வரிசைகளை டேட்டாபேஸ் முழுக்கப் படித்தாலும் நேரம் தெரியாது. லட்சக்கணக்கில் போனால் கூட்டு இண்டெக்ஸ் போடுங்கள், சமமாக ஒப்பிடும் கட்டங்கள் முதலில், எடை மாதிரி "இதிலிருந்து இதுவரை" என்பது கடைசியில்.

தமிழில் தேடினால் கிடைக்கவில்லை என்றார்கள்

ஃபில்டரோடு ஒரு சொல் பெட்டியும் வைத்தோம். கடைக்காரர் "கொலுசு" என்று தட்டினால் பாதி டிசைன் வருகிறது, பாதி வரவில்லை. எழுத்துப்பிழையா என்று பார்த்தால் இல்லை, கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் பிடிபட்டது. யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒற்றைக் குறியாக ஒகரக் குறி வரலாம், அல்லது க-வுக்குப் பின் எகரக் கொம்பு, அதற்குப் பின் கால் என்று இரண்டு குறியாக வரலாம். திரையில் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், உள்ளே எழுத்துகள் வேறு. எஸ்க்யூஎல்லில் லைக் போட்டுத் தேடும்போது எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதால் பொருந்தாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய சரக்குப் பட்டியல்களில் இந்த இரண்டாவது வகை நிறையவே இருக்கும்.

இதற்கு மருந்து என்எஃப்சி நார்மலைஸ், அதாவது இரண்டு விதத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோட் முறை. பிஎச்பியில் இன்ட்ல் எக்ஸ்டென்ஷனின் நார்மலைசர், ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற செயல்பாடு. டேட்டாபேஸில் இருப்பதை ஒரு தடவை மாற்றி எழுதுங்கள், புதிதாக எது சேர்ந்தாலும், யார் எது தேடினாலும் அதே வழியாக அனுப்புங்கள். கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும் இது போதும். "ஔ" என்ற உயிரெழுத்தை ஒ-வும் ள-வுமாகவோ, "கௌ"-வைக் கெ-வும் ள-வுமாகவோ தட்டியிருந்தால் மட்டும் என்எஃப்சி சேர்க்காது, அதை நீங்களே மாற்ற வேண்டும்.

ஆங்கில எழுத்தில் கொலுசு என்று தட்டுகிறவர்களும் உண்டு, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். வடக்கிலிருந்து வாங்குகிறவர் பாயல் என்பார். டிசைன் டேபிளில் "தேடல் சொற்கள்" என்று ஒரு கட்டம் வைத்து எல்லா வடிவத்தையும் அதில் போட்டுவிடுங்கள்.

பக்கத்தில் எண்ணிக்கை காட்டுவது

ஒவ்வொரு டிக் பெட்டிக்குப் பக்கத்திலும் எத்தனை டிசைன் கிடைக்கும் என்று எண் காட்ட வேண்டும். இது அலங்காரமில்லை, வாங்குகிறவர் முட்டுச்சந்துக்குள் நுழையாமல் காப்பதே இந்த எண்தான். ஆனால் நிறையப் பேர் தப்பாகக் கணக்கிடுகிறார்கள். 80 டச்சை டிக் செய்ததும் 70-க்குப் பக்கத்தில் சைபர் வந்தால் தப்பு. அவர் 70-ஐயும் சேர்த்து டிக் செய்தால் எத்தனை கூடும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். எனவே ஒரு குழுவின் எண்களைக் கணக்கிடும்போது அந்தக் குழுவின் ஃபில்டரை மட்டும் கழற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் வைத்து எண்ணுங்கள். ஆறு குழுவுக்கு ஆறு குவெரி. நிபந்தனை கட்டும் செயல்பாட்டுக்கு "இந்தக் குழுவை விட்டுவிடு" என்று ஒரு அளபுரு (பாராமீட்டர்) கொடுத்தால் அதே கோட் இதற்கும் ஆகும். எண்ணுவது உருப்படிகளையா டிசைன்களையா என்பதையும் பாருங்கள். திரையில் காட்டுவது டிசைன் என்றால் டிசைனைத்தான், ஒன்றை ஒரு தடவை மட்டும் எண்ண வேண்டும்.

எண் சைபர் ஆனால் பெட்டியை மறைக்காதீர்கள், மங்கலாக்குங்கள். மறைத்தால் ஒவ்வொரு டிக்குக்கும் பட்டியல் குதிக்கும், விரல் வேறு பெட்டியில் விழும்.

இப்போது ஜாவாஸ்கிரிப்ட்

இதுவரை செய்தது பட்டனை அழுத்தினால் ஓடும். இனி பட்டன் இல்லாமலே ஓட வைக்கலாம். ஃபார்மில் மாற்றம் நடந்தால் ஃபார்ம்டேட்டாவை எடுத்து, காலியாக இருப்பவற்றை நீக்கி, யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் ஆக்கி, ஃபெட்ச் (பக்கத்தை மாற்றாமலே சர்வரிடம் கேட்கும் செயல்பாடு) வழியாக அதே பக்கத்தைக் கேட்டு, முடிவுப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். செக்பாக்ஸுக்கு உடனே அனுப்பலாம். சொல் பெட்டிக்குத் தட்டி முடித்து 300 மில்லிநொடி பொறுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கோரிக்கை போகும். எடைக்கு இழுக்கும் பட்டை வைத்தால் இழுக்கும்போது எண்ணை மட்டும் மாற்றிக் காட்டி, விரலை எடுத்த பிறகு அனுப்புங்கள். என்னைக் கேட்டால் பட்டையே வேண்டாம், "முதல்", "வரை" என்று இரண்டு எண் பெட்டி போதும். 48 கிராமில் நிறுத்த விரலால் படும் பாடு அதிகம்.

அலுவலக வைஃபையில் எல்லாம் நன்றாக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகும் வழியில், நண்பர் வண்டி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் சோதித்துப் பார்த்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு சிக்னல் வருகிறது போகிறது. பத்து இன்ச்சை டிக் செய்தேன், உடனே மாற்றிப் பத்தரையை டிக் செய்தேன். பத்தரையின் முடிவு வந்தது, இரண்டு நொடி கழித்து அதன்மேல் பத்து இன்ச்சின் முடிவு வந்து உட்கார்ந்தது. மேலே டிக் பத்தரையில், கீழே சரக்கு பத்தில். முதலில் அனுப்பிய கோரிக்கை சிக்னல் இல்லாமல் தங்கிப் பிந்தி வந்திருக்கிறது. வாங்குகிறவருக்கு இது தெரியவே தெரியாது, தப்பான அளவை ஆர்டர் செய்துவிடுவார்.

இதற்கு அபார்ட்கண்ட்ரோலர், போன கோரிக்கையை ரத்து செய்ய ஜாவாஸ்கிரிப்டில் இருக்கும் வசதி. புதிய கோரிக்கை அனுப்பும் முன் பழையதை ரத்து செய்யுங்கள். ரத்து செய்தால் ஃபெட்ச் ஒரு பிழையை எறியும், அது நாமே செய்ததுதான் என்பதால் "நெட்வொர்க் கோளாறு" என்று காட்டாமல் விட்டுவிடுங்கள். உண்மையான கோளாறு வந்தால் பழைய முடிவை அழிக்காமல் மங்கலாக்கி, "மறுபடி முயற்சி செய்" என்று ஒரு பட்டன் கொடுங்கள்.

பேக் பட்டனையும் மறக்காதீர்கள். டிக் மாறும்போது புஷ்ஸ்டேட் (பிரவுசர் வரலாற்றில் புதுப் பதிவு சேர்ப்பது), சொல் பெட்டியில் தட்டும்போது ரிப்ளேஸ்ஸ்டேட் (இருக்கும் பதிவையே மாற்றுவது). எல்லாவற்றுக்கும் புஷ்ஸ்டேட் போட்டால் "கொலுசு" என்ற சொல்லிலிருந்து வெளியே வர நாலைந்து தடவை பேக் அழுத்த வேண்டியிருக்கும். பேக் அழுத்தியதும் பாப்ஸ்டேட் என்ற நிகழ்வு வரும், வந்தால் யூஆர்எல்லைப் படித்து ஃபார்மை மறுபடி நிரப்பி, முடிவையும் மறுபடி வாங்குங்கள். ஃபார்மை நிரப்ப மறந்தால் முடிவு பழையதும் டிக் புதியதுமாக நிற்கும்.

போன் திரையில் ஃபில்டரைத் தனித் தட்டாகக் கீழிருந்து எழுப்பி, அடியில் "37 டிசைன்களைக் காட்டு" என்று பட்டன் வையுங்கள். டிக் போடப் போட அந்த எண் மட்டும் மாறட்டும். மூடியதும் தேர்ந்தவை சின்னச் சின்னச் சீட்டாக மேலே தெரிய வேண்டும், ஒவ்வொன்றையும் தனியாக நீக்க முடிய வேண்டும். எண் மாறுவதைத் திரைவாசிப்பான் சொல்லும்படி அந்த இடத்துக்கு ஏரியா-லைவ் என்ற ஹெச்டிஎம்எல் பண்பைக் கொடுங்கள், பொலைட் என்ற மதிப்போடு.

ஒன்றுமே கிடைக்காதபோது

இப்போது கவுன்ட்டர்க்காரரின் பதிலுக்கு வருவோம். முடிவு சைபர் என்றால், தேர்ந்திருக்கும் ஃபில்டர்களில் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு மற்றவற்றை வைத்து எண்ணிப் பாருங்கள். கழற்றும் கோட் ஏற்கெனவே எண்ணிக்கைக்காக எழுதியாகிவிட்டது. எதைக் கழற்றினால் சரக்கு வருகிறதோ அவற்றை மட்டும் எடுத்து, எண்ணாக இருந்தால் கேட்டதற்கு மிக நெருங்கியது எது என்று பார்த்து, மனிதர் சொல்வதுபோல ஒரு வரி எழுதுங்கள்: "பத்தரை இன்ச்சில் சலங்கை இல்லாதது 60 கிராமிலிருந்து இருக்கிறது, 14 டிசைன்." "50 கிராமுக்குள் பத்து இன்ச்சில் 6 டிசைன்." ஒவ்வொரு வரியும் அந்தத் தேடலுக்கே போகும் இணைப்பாக இருக்கட்டும். எடைக்கு இரண்டு மூன்று கிராம் முன்பின் தளர்த்தி நாமே காட்டிவிடலாமே என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். கேட்காததைக் கேட்டதுபோலக் கலந்து காட்டினால் அடுத்த தடவை எண்ணையே நம்ப மாட்டார்கள். தனியாக, தலைப்போடு காட்டினால் சரி.

வெளியிடும் முன் பார்க்க வேண்டியவை சில. எடையில் "முதல்" 60, "வரை" 40 என்று தலைகீழாகப் போட்டால் மாற்றிக்கொள்கிறதா. யூஆர்எல்லில் யாராவது கன்னாபின்னா என்று எழுதினால் பக்கம் உடையாமல் அந்த ஃபில்டரை மட்டும் விட்டுவிடுகிறதா. ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டால் பட்டன் திரும்ப வந்து வேலை செய்கிறதா. இணைப்பை இன்னொரு போனில் திறந்தால் அதே பட்டியல்தான் வருகிறதா. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க்கை மெதுவாக்கியும் சோதிக்கலாம், ஆனால் சிக்னல் விட்டுவிட்டு வரும் ஒரு சாலையில் ஒரு தடவையாவது உட்கார்ந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன டேபிள் போடுங்கள்: சைபர் முடிவு வந்த தேடல் ஒவ்வொன்றின் ஃபில்டரும் தேதியும் மட்டும். யார் தேடினார்கள் என்பது வேண்டாம், போன் எண்ணும் வேண்டாம். வாரம் ஒருமுறை எது அதிகம் வந்தது என்று எண்ணி, கடைக்காரருக்கு ஒரு தாளில் எடுத்துக் கொடுங்கள். நான் கொடுத்த முதல் தாளின் மேல் வரியில் பத்தரை இன்ச், ஐம்பதுக்குள், சலங்கை இல்லாதது என்றிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போன் போட்டு, கம்பியைக் கொஞ்சம் மெலிதாக இழுத்து அந்த எடையில் நாலு ஜோடி செய்ய முடியுமா என்று கேட்டார்.